பார்க்காமல் சொன்ன சிபாரிசு

அன்பு மகள் அபிராமிக்கு,

அப்பா எழுதுறேன் தாயி. வேலம்பாளையத்துல நாங்க மூணு பேரும் சுகமா இருக்கோம். அங்க குளிர் ஆரம்பிச்சிருக்கும், நீ வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கிட்டு வெளியில போறியா இல்லையாங்கிற கவலையத் தவிர உன் அம்மாவுக்கு வேற குறை இல்ல. முட்டி வலி முன்னைக்கு இப்போ தேவலை, தைச்ச பீஸச் சரிபாக்கிற செக்கிங் டேபிள்ல நின்னுக்கிட்டே பாக்காம ஒரு உசரமான ஸ்டூல் வாங்கிப் போட்டுட்டேன், முதல்ல வேண்டாம்னா, இப்ப யாரையும் அதுல உக்கார விடுறதில்ல. உன் தம்பி தனுஷ் கடைசி வருசம், பரீட்சைக்குப் படிக்கிறானோ என்னமோ போனைப் பாத்துச் சிரிக்கிறது மட்டும் கேக்குது. அருப்புக்கோட்டையில உன் சின்னத்தாத்தா பேத்திக்கு நிச்சயம் ஆகியிருக்கு, தை மாசம் கல்யாணம், நீ வரமுடியாதுன்னு சொல்லிட்டேன், இருந்தாலும் போன் பண்ணி ஒரு வார்த்தை வாழ்த்திரு. போன மாசம் ஒரு வேலையா கணியூர்ப் பக்கம் போனேன், அந்தக் கரண்டுக் காத்தாடிங்க வரிசையா சுத்துறதப் பாத்ததும் வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டேன். என் மக இந்த மாதிரி ஒண்ண எங்கயோ கடலுக்குள்ள நட்டு வைக்கக் கணக்குப் போடுறாளேன்னு நெனச்சேன், பக்கத்துல இளநீ வெட்டுறவர்கிட்ட அதைச் சொல்லவும் சொன்னேன். அவர் ரெண்டு இளநீக்கு ஒரு இளநீ காசுதான் வாங்குனார்.

போன்ல பேசுறத விட்டுட்டு அப்பா ஏன் இவ்வளவு நீளமா எழுதுறார்னு நீ நினைப்பே. போன்ல பேசினா நீ சரிப்பா சரிப்பான்னு சொல்லி வச்சிருவே. நம்ம தெரு மளிகைக் கடைக்காரர் மகன் அங்க படிக்க வர்றான், பொடி, ஊறுகாயெல்லாம் அவன் கையில குடுத்து விடுறோம், அதோட இதையும் வைக்கிறேன். போன வாரம் நீ அம்மாகிட்ட பேசுனத நான் பக்கத்து ரூம்ல இருந்து கேட்டேன், ஒட்டுக் கேக்கல, நீ ஸ்பீக்கர்ல சத்தமாத்தான் பேசுனே. அந்தப் பெரிய வேலை உனக்கு வராம வேற ஒருத்தருக்குப் போயிருச்சுன்னும், உன் மேலதிகாரி அம்மா உன்னைக் கூப்பிட்டு உன் வேலையில குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல ஆனா இந்த ஆபீஸ் மாடிக்கு வெளிய உன்னை யாருக்கும் தெரியலையேன்னு சொன்னதாவும், அடுத்த மாசம் காத்தாலைக்காரங்க எல்லாரும் கூடுற மாநாட்டுக்குப் போகச் சொன்னதாவும் சொன்னே. நீ போகமாட்டேன்னுட்டே. வேலை தெரியாதவங்கதான் ஆள் பிடிக்க அலைவாங்கன்னு சொன்னே. அம்மா சிரிச்சா. எனக்கு அது சுருக்குனு பட்டுச்சு தாயி, ஏன்னா அது உன் வார்த்தை இல்ல, என் வார்த்தை. நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போது நான் சாப்பிட உக்காரும்போதெல்லாம் சொன்ன வார்த்தை. அதைச் சொல்லிக்கிட்டு இருந்த மனுசன் போன வருசம் என்ன பாடுபட்டான்னு உனக்குச் சொல்லாமலே மறைச்சிட்டோம், இப்ப சொல்றேன்.

போன வருசம் பொங்கல் முடிஞ்ச கையோட, நாம பதினோரு வருசமா பீஸ் தைச்சுக் குடுத்துக்கிட்டிருந்த கம்பெனி தையலையெல்லாம் வேற மாநிலத்துல கட்டுன சொந்த ஃபேக்டரிக்கு மாத்திக்கிச்சு. அவங்க மேல தப்பு இல்ல, மூணு மாசம் முன்னாடியே சொன்னாங்க, நான்தான் நம்பல. நம்ம பவர் டேபிள் தையல் யூனிட்டுல இருபத்திரண்டு பேரு, பாதி நம்ம பக்கத்து ஆளுக, பாதி ஒரிசாக்காரங்க, எல்லாரும் மெசின் முன்னாடி சும்மா உக்காந்திருக்காங்க. உனக்கே தெரியும், இந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு வேலை வேணும்னா மாமன் ஒருத்தர், பங்காளி ஒருத்தர், கோயில் திருவிழாவுல பாத்தவர் ஒருத்தர்னு பத்துப் பேர் இருப்பாங்க. நமக்கு யார் இருக்கா. முப்பது வருசம் முன்னாடி அருப்புக்கோட்டையில இருந்து ஒரு பையைத் தூக்கிக்கிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறி வந்தவன் நான், தைக்கத் தெரியும், அதுபோதும்னு இருந்துட்டேன். அந்த ஒரு கம்பெனியத் தாண்டி இந்த ஊர்ல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுற ஆளே கிடையாதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. உன் அதிகாரி அம்மா உன்கிட்ட சொன்னது எனக்கும் பொருந்தும்.

அப்ப வேல்குமார்னு ஒரு தம்பி, டீக்கடையில பாத்துப் பழக்கம். சட்டை நெஞ்சுல வர்ற படமெல்லாம் அச்சடிக்கிற பிரிண்டிங் யூனிட் வச்சிருக்கார், இந்த ஊர்க்காரர்தான். நான் முகம் செத்துப்போய் நிக்கிறதப் பாத்துட்டு, அவிநாசி ரோட்டுல ஒரு ஓட்டல் மாடியில வியாழக்கிழமை தோறும் காலையில ஏழு மணிக்குத் தொழில் செய்றவங்க நாப்பது பேர் கூடுறாங்க, ஒருத்தருக்கொருத்தர் வேலை சொல்லி விடுவாங்க, நான் கூட்டிட்டுப் போறனுங்ணா, வாங்கன்னார். எனக்கு இஷ்டமே இல்ல. உன் அம்மாதான், இட்லியாவது கிடைக்கும் போயிட்டு வாங்கன்னு தள்ளி விட்டா. இருநூறு கார்டு அடிச்சேன், பாண்டித்துரை கார்மெண்ட்ஸ்னு மஞ்சள் கலர்ல. அங்க ஒவ்வொருத்தரும் எந்திரிச்சு ஒரு நிமிசம் தன் தொழிலப் பத்திப் பேசணும், நிமிசம் முடிஞ்சா ஒருத்தர் மணி அடிப்பார். என் முறை வந்தப்போ வணக்கம் சொன்னேன், பேரச் சொன்னேன், அப்புறம் மணி அடிக்கிறவரைக்கும் என் கார்டையே பாத்துக்கிட்டு நின்னுட்டு உக்காந்துட்டேன். அந்த வெக்கத்துல, கூட்டம் முடிஞ்சதும் ஒருத்தர் விடாம எல்லார் கையிலயும் கார்டத் திணிச்சேன். யார் முகத்தையும் நிமிந்து பாக்கல. கை கழுவப் போனா, என் மஞ்சள் கார்டு ஒண்ணு சாம்பார்க் கிண்ணத்துக்கு அடியில ஊறிக் கிடந்துச்சு. ஒரு வாரம் ஒரு போன் கூட வரல. ரெண்டாவது வியாழக்கிழமையும் அதே கதைதான்.

மூணாவது வாரம் பேசுறத விட்டுட்டு மூலையில உக்காந்து டீ குடிச்சேன். பக்கத்துல சாரதாமணின்னு ஒரு அம்மா, பனியன் கழுத்துல உள்பக்கம் வச்சுத் தைக்கிற டேப்பு ஓட்டுற யூனிட் வச்சிருக்காங்க. யார்கிட்டயோ போன்ல கெஞ்சிக்கிட்டு இருந்தாங்க, டேப்பு நெளியுதுன்னு தையல்காரங்க ரோல் ரோலாத் திருப்பி அனுப்புறாங்களாம். எனக்குத் தொழில் பேச வராது, ஆனா துணி நெளியுதுன்னா காது தானா நீளுது. அந்த டேப்பக் கொஞ்சம் காட்டுங்கம்மான்னு கேட்டேன், பையில இருந்து எடுத்துக் குடுத்தாங்க. இழுத்துப் பாத்தேன், தடவிப் பாத்தேன், உங்க டேப்புல குத்தமில்லீங்க, தைக்கிற இடத்துல இழுத்து விடுறாங்கன்னேன். மறுநாள் அந்த அம்மாவோட அந்தத் தையல் யூனிட்டுக்கே போய், மெசின்ல டேப்பு போற வழிய மாத்தி வச்சு, நாலு பீஸ் தைச்சுக் காட்டிட்டு வந்தேன். எனக்குத்தான் வேலை இல்லையே, போறதுக்கு என்ன. வெளிய வந்ததும் அந்த அம்மா, ஏனுங்க, என்ற மூலமா ஏதாச்சும் ஆகோணும்னு வந்தீங்களான்னு நேராவே கேட்டாங்க. இல்லீங்க, தையல் தப்பா ஓடுறதப் பாத்தா எனக்கு ராத்திரி தூக்கம் வராதுன்னேன். சிரிச்சாங்க. பத்து நாள் கழிச்சு ஆஷான்னு ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல வெளிநாட்டு ஆர்டரையெல்லாம் ஆரம்பத்துல இருந்து கப்பல் ஏத்துற வரைக்கும் பாத்துக்கிற மெர்ச்சண்டைசர், தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை, உன்னை விட ரெண்டு மூணு வயசு மூப்பு இருக்கும். சாரதாமணி மேடம் உங்களைச் சொன்னாவ அண்ணாச்சி, ஐந்நூறு பீஸ் தைச்சுத் தர முடியுமான்னு கேட்டுச்சு. ஐந்நூறு மூவாயிரம் ஆச்சு, சித்திரையில இருந்து நம்ம மெசின் எல்லாம் ஓட ஆரம்பிச்சுது.

இந்த இடத்தோட நிறுத்தியிருந்தா நான் உனக்கு லெட்டரே எழுதியிருக்க மாட்டேன். இதுக்கு அப்புறம் நடந்ததுதான் விசயம். எனக்குக் கொஞ்சம் தலை கனத்துப் போச்சு தாயி. நாப்பது பேர் கூடுற இடத்துல நாலு பேர் அண்ணே வாங்கன்னு நாற்காலி இழுத்துப் போடுறாங்கன்னா சும்மா இருக்க முடியுமா. அங்க வாரா வாரம் யாருக்காச்சும் சிபாரிசு பண்ணணும், பண்ணுனா கை தட்டுவாங்க. போன வருசம் ஐப்பசி, தீபாவளி நெருக்கத்துல ஆஷா கூப்பிட்டு, குழந்தைங்க டீ-சர்ட் மூவாயிரத்து அறுநூறு பீஸ், பிரிண்டிங்குக்கு வழக்கமான ஆள் கைய விரிச்சுட்டார், உங்களுக்கு யாரையாச்சும் தெரியுமா அண்ணாச்சின்னு கேட்டுச்சு. நான் ஒரு நொடி கூட யோசிக்கல, வேல்குமாருக்குக் குடும்மா, கண்ண மூடிக்கிட்டுக் குடுன்னேன். என்னைக் கைபிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போன ஆளுக்கு நன்றி செய்யணும்ங்கிற நினைப்பு ஒரு பக்கம், கை தட்டு ஒரு பக்கம். அவரோட யூனிட் எந்தத் தெருவுல இருக்குன்னு கூட எனக்குத் தெரியாதுங்கிறது அப்ப எனக்கு உறைக்கவே இல்ல.

வெட்டுன துணியில படம் அடிச்ச பிறகுதான் தையலுக்கு நம்மகிட்ட வரும். ஒரு புதன்கிழமை மத்தியானம் மூட்டை வந்து இறங்குச்சு. நெஞ்சுல ஒரு மஞ்சள் ஒட்டகச்சிவிங்கி, பாக்கவே சிரிப்பு வர்ற மாதிரி அழகா இருந்துச்சு. பழக்க தோசத்துல ஒரு துண்ட எடுத்து ரெண்டு கையாலயும் இழுத்தேன். ஒட்டகச்சிவிங்கி கழுத்து பாளம் பாளமா வெடிச்சுது. இன்னொண்ணு இழுத்தேன், அதுவும் வெடிச்சுது. அடிச்ச பெயிண்டை நீளமான ஒரு சூட்டு மெசினுக்குள்ள பெல்ட்டுல விட்டு எடுப்பாங்க, க்யூரிங்னு பேரு, அந்தச் சூடு சரியா ஏறினாத்தான் படம் துணியோட பிடிக்கும். இதுல சூடு ஏறவே இல்ல. இழுக்காம மடிச்சு வச்சா ஒண்ணும் தெரியாது, எங்கயோ ஒரு நாட்டுல ஒரு தாய் பிள்ளைக்குப் போட்டுவிட்டு ரெண்டு தடவை துவைச்சாத்தான் தெரியும். அன்னைக்குத்தான் முதல்முதலா வேல்குமார் யூனிட்டுக்குப் போனேன், அவிநாசிபாளையம் போற ரோட்டுல ஒரு தகர ஷெட். உள்ள நுழைஞ்சதுமே தெரிஞ்சுபோச்சு, அந்தச் சூட்டு மெசின்ல பாதி ஹீட்டர் செத்துக் கிடக்கு. நான் ஒரே ஒரு தடவை, ஒரு டீ குடிக்கவாச்சும் முன்னாடி அங்க வந்திருந்தா என் கண்ணே சொல்லியிருக்கும். வேல்குமார் என்னைப் பாத்ததும் உக்காந்துட்டார். பார்ட் வர நாலு நாள் ஆகும்னாங்கங்ணா, முதல் தடவையா பெரிய இடத்து ஆர்டர், விட மனசு வரலீங்ணான்னார். அப்புறம் மெதுவா, இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டுந்தானுங்ணா தெரியும், தைச்சு அனுப்பிருங்ணா, உங்கள அந்த மாடிக்குக் கூட்டிட்டுப் போனது நானுங்ணான்னு சொன்னார். மிரட்டலா சொல்லல, அழுகிற மாதிரி சொன்னார். அதுதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு.

நான் வண்டிய எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். வண்டியில வரும்போது என் மனசும் சுத்தமா இல்ல தாயி, அதையும் ஒத்துக்கிறேன். சொல்லிட்டா இந்த வேலையும் போகும், பழையபடி இருபத்திரண்டு பேரும் சும்மா உக்காரணும், தீபாவளிக்கு ஊருக்குப் போற ஆளுக திரும்பி வராது. சொல்லலைன்னா யாருக்குமே தெரியாது. உன் அம்மா செக்கிங் டேபிள்ல அந்தத் துண்டுகள வரிசையா இழுத்துப் பாத்து ஒரு பக்கமா அடுக்கிக்கிட்டு இருந்தா. நான் எல்லாத்தையும் சொன்னேன். அவ கை நிக்கல, அடுக்கிக்கிட்டே, அந்தப் பிள்ள ஆஷாவுக்கு வேல்குமார் தம்பியத் தெரியுமா, உங்களத் தெரிஞ்சுதான குடுத்துச்சுன்னு கேட்டா. அவ்வளவுதான் சொன்னா.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆஷாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். எத்தன பீஸ் வெடிக்குதுன்னு கேட்டுச்சு. அப்புறம், கண்ண மூடிக்கிட்டுக் குடுன்னு சொன்னீய அண்ணாச்சி, நானும் மூடிக்கிட்டேன்னு சொல்லுச்சு. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். திங்கக்கிழமை சரக்கு போயாகணும், அந்தப் பிள்ளை அவங்க முதலாளிகிட்ட என்ன சொல்லும். என் பேரச் சொல்லிரும்மா, நான் வந்து நிக்கிறேன்னேன். இன்னும் இழுக்காத துண்டுகள நல்ல சூட்டுல மறுபடி ஒரு தடவை ஓட்டினா பிடிச்சுக்கும், அது எனக்குத் தெரியும். ஆனா சீசன் நேரம், எந்த யூனிட்டுலயும் மெசின் சும்மா இல்ல. டிராயர்ல ஒரு கட்டு கார்டு வச்சிருந்தேன், மாடியில வாங்குனது, பிரிண்டிங்காரங்க நம்பரா எட்டுப் பேரைக் கூப்பிட்டேன். எந்தப் பாண்டித்துரைன்னு கேட்டாங்க, எட்டுப் பேரும் மரியாதையாத்தான் இல்லீங்கன்னு சொன்னாங்க.

மறுநாள் வியாழக்கிழமை. போகவா வேண்டாமான்னு படி ஏறும்போது கூட முடிவு பண்ணல. வேல்குமாரும் வந்திருந்தார், கடைசி வரிசையில தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தார். என் நிமிசம் வந்துச்சு. பேரச் சொன்னேன். அப்புறம், நான் ஒருத்தருக்கு ஒரு சிபாரிசு பண்ணுனேன், போன வாரம் நீங்க எல்லாரும் கை தட்டுனீங்க, அந்த யூனிட்டை நான் பாத்ததே இல்ல, பாக்காம சொல்லிட்டேன், படம் சூடு ஏறாம வெடிக்குது, என்னை நம்புன ஒரு பிள்ளைக்கு வேலை போற நிலைமை, எனக்கு ஒரு நாளைக்கு ஒரு க்யூரிங் மெசின் வேணும்னேன். யார் யூனிட்டுன்னு நான் சொல்லல. மணி அடிக்கிறவர் மணியக் கையில பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டார். அப்ப பின்னாடி நாற்காலி நகர்ற சத்தம், வேல்குமார் எந்திரிச்சார். அது என்ற யூனிட்டுங்க, ஹீட்டரு போனது தெரிஞ்சேதான் ஓட்டுனனுங்க, அண்ணன் மேல தப்பில்லீங்கன்னார். சொல்லிட்டு நின்னுக்கிட்டே இருந்தார், உக்காரவும் இல்ல, வெளிய போகவும் இல்ல. முப்பது வருசத்துல இந்த ஊர்ல நான் பாத்த தைரியத்துல அதுக்கு மேல ஒண்ணு இல்ல தாயி.

சென்னியப்பன்னு ஒருத்தர், பெரிய பிரிண்டிங் ஃபேக்டரி வச்சிருக்கார், வேல்குமார் மாதிரி சின்ன ஆளுகளுக்கெல்லாம் போட்டிக்காரர்னுதான் சொல்லணும். வெள்ளைச் சட்டை, யார்கிட்டயும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேசமாட்டார், நானும் அவர்கிட்டப் பேசுனதில்ல. அவர் டீ டம்ளரக் கீழ வச்சுட்டு, ஏனுங்க, எத்தன பீஸுங்கன்னு கேட்டார். சொன்னேன். பத்து மணிக்கு வண்டிய அனுப்புங்க, பெல்ட்டு சாயங்காலம் வரைக்கும் உங்களுக்குத்தானுங்க, என்ற சரக்கு ஒரு நாள் பொறுத்துக்குமுங்கன்னார். அப்புறம் திரும்பி, வேல்குமாரு, நீயும் வரோணும், உன்ற கையாலதான் பெல்ட்டுல போடோணும்னார். சாரதாமணி அம்மா அவங்க யூனிட்டுல இருந்து நாலு பொண்ணுங்கள துண்டு அடுக்க அனுப்புனாங்க. அன்னைக்கு முழுக்க வேல்குமார் ஒரு முனையில போட, நான் மறுமுனையில எடுத்து இழுத்துப் பாக்க, ஆறு மணிக்கு முடிஞ்சுது. ஏற்கெனவே வெடிச்சது, வீணானதுன்னு முந்நூறு துண்டு போக மிச்சமெல்லாம் பிடிச்சுக்கிச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் தைச்சு முடிச்சோம்.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு நான் எழுத மாட்டேன். சரக்கு குறைச்சலாப் போனதுக்கு அந்தப் பிள்ளைக்குத் திட்டு விழுந்துச்சு, அந்த வெளிநாட்டு ஆர்டர அவகிட்ட இருந்து எடுத்து வேற ஆள்கிட்டக் குடுத்துட்டாங்க. நமக்கு அஞ்சு மாசம் அங்க இருந்து ஒரு பீஸ் கூட வரல. நான் ரெண்டு தடவை ஆபீஸ் வாசல் வரைக்கும் போய் ஆஷாகிட்ட மன்னிப்புக் கேட்டேன், சரி அண்ணாச்சி, போயிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பிருச்சு. அந்த அஞ்சு மாசமும் சென்னியப்பனும் சாரதாமணி அம்மாவும் கைகாட்டி விட்ட சின்னச் சின்ன வேலையிலதான் மெசின் ஓடுச்சு. ஆனா அவங்க கைகாட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் நம்ம யூனிட்டுக்கு வந்து உக்காந்து பாத்துட்டுத்தான் போனாங்க. பங்குனியில ஆஷா வேற கம்பெனிக்கு மாறிருச்சு, மாறின மூணாம் நாள் எனக்குப் போன். ஏம்மா, என்னைப் போய் கூப்பிடுறேன்னு கேட்டேன். எல்லாம் நல்லாருக்குன்னு சொல்றதுக்கு நெறையப் பேரு இருக்காவ அண்ணாச்சி, நல்லால்லைன்னா போன் பண்ணிச் சொல்றதுக்கு எனக்கு ஒரு ஆள் வேணும்னு சொல்லுச்சு. நான் போன வச்சுட்டு மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

இதையெல்லாம் உனக்குப் புத்தி சொல்றதுக்காக எழுதல. இன்னைக்கும் அந்த ஒரு நிமிசத்துக்கு எந்திரிச்சா எனக்குப் பாதிதான் பேச வருது. ஆனா நான் நினைச்சுக்கிட்டிருந்தது தப்பு தாயி. ஆள் பிடிக்கிறதுன்னு நான் கேலி பண்ணுனது வேற ஒண்ணு, பல்லைக் காட்டுறது, கார்டத் திணிக்கிறது, அதை நான் செஞ்சு பாத்தேன், சாம்பார்ல ஊறுனதுதான் மிச்சம். ஒருத்தரோட வேலையில எது உதைக்குதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிறது வேற. அதுக்குப் பேச்சுத் திறமை வேண்டாம், உன்னை மாதிரி வேலை தெரிஞ்ச ஆளுக்குத்தான் அது வரும். நீ அந்த மாநாட்டுக்குப் போ. நூறு பேர்கிட்டப் பேச வேண்டாம், உன்னை மாதிரியே பேச்சு வராம மூலையில நிக்கிற ஒருத்தர் கட்டாயம் இருப்பார், அவர்கிட்டப் போய் இப்ப எதுல மாட்டிக்கிட்டு இருக்கீங்கன்னு கேளு. உனக்குத் தெரிஞ்சா சொல்லு, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. உன் மேல தப்பு வந்தா நீயே முதல்ல போய்ச் சொல்லிரு. யார் பேரையும் பாக்காம தூக்கிக் குடுக்காத, நன்றிக்காகக் கூடக் குடுக்காத, நன்றிய வேற விதமாச் செய்யலாம். உன் அதிகாரி அம்மா சொன்னத அவமானமா எடுத்துக்காத, அக்கறை இல்லாதவங்க அதைச் சொல்லமாட்டாங்க.

வேல்குமார் விசயத்தச் சொல்லி முடிச்சிர்றேன். அந்த வியாழக்கிழமைக்கு அப்புறம் அவர் மாடிக்கு வர்றத நிறுத்திட்டார், டீக்கடையில பாத்தாலும் தலைய ஆட்டிட்டுப் போயிருவார். அவர் வெறுக்கிறாரோ வெக்கப்படுறாரோ எனக்குத் தெரியல, எப்படிப் போய்க் கேக்கிறதுன்னும் தெரியல. சென்னியப்பன் குடுக்கிற சின்ன வேலையெல்லாம் செஞ்சு, புது ஹீட்டர் போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கார்னு மட்டும் காதுல விழுந்துச்சு. போன செவ்வாய்க்கிழமை காலையில பதினோரு மணி இருக்கும், வாசல்ல வண்டி சத்தம், பாத்தா வேல்குமார் நிக்கிறார். நம்ம யூனிட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. ஈரோட்டுல இருந்து ஒருத்தர் நல்ல தையல் யூனிட் வேணும்னு கேக்குறாருங்ணா, உங்க பேரச் சொல்லலாம்னு நெனச்சனுங்ணா, அதுக்கு முன்னாடி ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்னார். வாங்க தம்பின்னு உள்ள கூட்டிட்டுப் போனேன். ஒவ்வொரு மெசினாப் பாத்தார், தைச்சுக் கிடந்த பீஸை எடுத்துத் தையல இழுத்துப் பாத்தார், ஒரிசாக்காரங்ககிட்ட அரைகுறை இந்தியில ஏதோ கேட்டார், உன் அம்மா குடுத்த டீயக் குடிச்சார். மூலையில ரெண்டு மெசின் பிரிச்சுப் போட்டுக் கிடக்கு, மெக்கானிக் வர்றேன்னு சொல்லி ஒரு வாரமா வரல. அதையும் பாத்தார். எங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே அந்த ஈரோட்டுக்காரருக்குப் போன் போட்டார். நல்ல தையலுங்க, நானே இழுத்துப் பாத்தனுங்க, ஆனா இப்போதைக்கு ரெண்டு மெசின் நின்னிருக்குதுங்க, நீங்க சொல்ற தேதிக்கு அவுங்களால முடியாதுங்க, பத்து நாள் தள்ளிக் குடுத்தா தாராளமாக் குடுக்கலாமுங்கன்னார். உன் அம்மா என்னைப் பாத்தா, நான் அவளப் பாத்தேன். அந்த ஆர்டர் வருமோ வராதோ, இன்னும் பதில் இல்ல. ஆனா என் குறையையும் சேத்துச் சொல்லி என்னை நல்லவன்னு சொல்ற ஒரு மனுசன் இந்த ஊர்ல எனக்கு இருக்கான் தாயி. முப்பது வருசம் கழிச்சு இப்பத்தான் நான் திருப்பூருக்கு வந்து சேந்த மாதிரி இருக்கு.

உடம்பப் பாத்துக்க. குல தெய்வம் உனக்குத் துணையா நிக்கட்டும், நல்ல மனுசங்க உனக்கு வாய்க்கட்டும், அதைவிட நீ நாலு பேருக்கு நல்ல மனுசியா வாய்க்கணும், அதுதான் எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதம். மாநாட்டுக்கு என்னைக்குப் போறேன்னு தேதி சொல்லு. பருப்புப் பொடி வச்சிருக்கிற எவர்சில்வர் டப்பா அம்மா கல்யாணத்துக்கு வந்தது, தொலைச்சுராத, ஊறுகாய் பாட்டில மட்டும் நிமித்தி வை, மளிகைக்கடைப் பையன் எப்படித் தூக்கிட்டு வர்றானோ.

என்றும் உன் நலமே நினைக்கும்
அப்பா
பா. பாண்டித்துரை

அம்மா ராமாயி சொல்லச் சொன்னது: மாநாட்டுக்கு அந்தச் சாம்பல் கலர் கோட்டு வேண்டாமாம், நீலத்தப் போட்டுட்டுப் போகணுமாம்.